ஆறில் ஒன்று மிச்சம்

ஆகஸ்ட் 3, வியாழன்

கல்லூரி முடிந்து நேரே கிருபாகரன் வீட்டுக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்து இன்றோடு எண்பத்து மூன்று நாள். தையல் போட்ட இடத்தில் முடி வளர்ந்துவிட்டது. மூளையிலிருந்து எடுத்த கட்டி புற்று இல்லை என்று மதுரை டாக்டர் சொன்னபோதே அவனுக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதியை அவன் மனைவி ஜாய்ஸ் ஆட்டுக்கால் சூப் வைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறாள்.

இன்று சூப் மேசையில் ஆறிப்போய் இருந்தது. அவன் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டாக்டர் வேலையை மெதுவா ஆரம்பிக்கச் சொன்னாரு. புதுசா ஒண்ணும் வேண்டாம், தெரிஞ்சதையே போட்டுப் பாருங்கன்னாரு. நம்ம கட்டுரையோட கடைசி இணைப்பைப் போட்டுப் பாத்தேன். ஜீரோ வரணும்ல? ஆறில் ஒண்ணு மிச்சம் நிக்கி."

"களைப்பா இருக்கும்" என்றேன்.

"களைப்புன்னா தடவைக்கு ஒரு தப்பு வரணும், செண்பகம். மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் அதே ஆறில் ஒண்ணு. மண்டைல ஏதோ ஒரு இடம் போயிருக்கு. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ஒரே மாதிரி தப்பு விழுது."

பழைய கணக்கே தப்பாக இருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. அவனே கேட்டு, அவனே பதிலும் சொன்னான். "பழசு தப்பா இருக்க முடியாது. நான் ஒருத்தன் மட்டும் போட்டதுன்னா சந்தேகப்படலாம். நான் தனியாப் போட்டேன், நீ தனியாப் போட்டே. ரெண்டு பேருக்கும் ஜீரோ."

"ஆமா" என்றேன்.

வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். முற்றல்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

குறியீடு இன்னது என்று முதலில் சொல்லாமல் எனக்கு எதையும் எழுத வராது. பழக்கதோஷம். நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே அரைகுறையாக இருக்கிறது.

கிருபாவும் நானும் எம்.எஸ்ஸி. ஒன்றாகப் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் ஐம்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் அவன் ஒரு கல்லூரியிலும் நான் ஒரு கல்லூரியிலும் இயற்பியல் நடத்துகிறோம். இருபது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆராய்ச்சி. ஊரில் முதலில் ஒரு மாதிரி பேசினார்கள். எங்கள் தாள்களைப் பார்த்த பிறகு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் வேலை லீ இயற்கணிதம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு செயல், அதன் பின் இன்னொரு செயல். வரிசையை மாற்றினால் விளைவு மாறும். காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதும், தண்ணீரை ஊற்றிவிட்டுக் கடுகைப் போடுவதும் ஒன்றா? இரண்டு விளைவுகளுக்கும் உள்ள வித்தியாசம் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு செயலாகவே வந்தால் அந்தக் குடும்பம் லீ இயற்கணிதம். சில குடும்பங்களில் மூன்று பேர், சிலவற்றில் எட்டுப் பேர். எங்களுடையதில் ஆட்களுக்கு முடிவே கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு பக்கமும், கழித்தல் ஒன்று, கழித்தல் இரண்டு என்று மறுபக்கமும் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த முடிவிலாக் குடும்பத்தைக் குவாண்டம் இயற்பியலுக்குள் கொண்டுவந்தால் ஒரு வினோதம் நடக்கும். வித்தியாசத்தை எடுக்கும்போது எந்தச் செயலோடும் சேராமல் வெறும் எண் ஒன்று தனியாக நிற்கும். வகுப்பில் அதை மைய உறுப்பு என்போம். நானும் கிருபாவும் எங்களுக்குள் மிச்சம் என்போம். நாங்கள் ஆராய்ந்த வகைக் கோட்பாட்டில் எல்லா மிச்சங்களும் கூடிப் பூஜ்யமானால் கோட்பாடு பிழைக்கும். ஆகாவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பதினோரு வருஷத்துக்கு முன் நாங்கள் எழுதிய கட்டுரை, ஒரு புது அமைப்பில் மிச்சம் பூஜ்யம் என்று சொன்னது. நிரூபணம் கடைசி இணைப்பில், பத்தொன்பது பக்கம். முப்பத்தோரு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அது அதிகம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கணக்கையும் இருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. சனிக்கிழமை உட்கார்ந்து முடிவை மட்டும் வாயால் சொல்ல வேண்டும். ஒத்து வந்தால் கட்டுரையில் ஏறும். ஒத்து வராவிட்டால் இருவரும் மறுபடி முதலிலிருந்து. முதலில் அவன் சொல்லுவான். பிறகு நான்.

அந்தக் கட்டுரை எழுதிய சமயம் நானும் என் வீட்டுக்காரரும் வீடு மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரே அலைச்சல். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இவர் தூத்துக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். வீடு அமைதியாக இருந்தது. இணைப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முடிவிலாத் தொடர் ஒன்றிலிருந்து அதே தொடரை ஒரு படி நகர்த்திக் கழித்தால் பூஜ்யம் என்று கை தானாக எழுதிவிடும். எழுதக் கூடாது. முதலில் உறுப்புகளை முறைப்படி வரிசைப்படுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் நகர்த்த வேண்டும். வருஷா வருஷம் எம்.எஸ்ஸி. பிள்ளைகளிடம் தொண்டை கிழியச் சொல்கிறேன்.

இணைப்பின் பதினான்காம் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு குறுக்குவழி உண்டு. எல்லாவற்றையும் துகள் ஒன்றுகூட இல்லாத வெற்றிட நிலையின் மேல் போட்டுப் பார்த்தால் முடிவில்லாத உறுப்புகளில் இரண்டு மூன்றுதான் உயிரோடு இருக்கும். அப்படிப் போட்டேன். மூன்று பக்கம் வந்தது. மத்தியானம் மூன்றரைக்கு முடிந்தது.

பிறகு இட்லிக்கு ஆட்டினேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

மாவு புளிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 9, புதன்

ஜாய்ஸ் போன் செய்தாள். கிருபா இன்று பாஸ்டரைப் பார்த்து, இனிமேல் சர்ச்சில் வேதபாடம் வாசிக்க வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டானாம். பத்தொன்பது வருஷமாக வாசிக்கிறவன். அவன் குரலுக்காகவே முதல் ஆராதனைக்கு வருகிறவர்கள் உண்டு.

"நடுவுல ஒரு வரிய விட்டுட்டு, விட்டதே தெரியாம வாசிச்சிட்டா என்ன செய்யங்காவ, அக்கா. வீட்ல நல்லாத்தான் வாசிக்காவ. நான் பைபிளக் கையில வச்சிட்டு ஒவ்வொரு வார்த்தையா பாத்தேன். ஒரு தப்பும் இல்ல. நம்ப மாட்டேங்காவ."

போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, போனை வைத்தேன்.

குழம்பு அடிப்பிடிக்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. ஏன் இப்படியெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

வழக்கம்போலப் பத்து மணிக்குப் போனேன். மேசை காலியாக இருந்தது. தாள், பேனா, எதுவும் இல்லை.

"நேத்து விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்திட்டேன்" என்றான். கடையில் சீனி வாங்கினேன் என்று சொல்வதைப் போலச் சொன்னான். "வாத்தியார் தப்பு போட்டா பிள்ளைக திருத்திரும். தப்பு போடுதேன்னே தெரியாத வாத்தியார் எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரைக் கேட்டுக் குடுத்தே? ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. ஒரு கணக்கு வரலன்னா உடனே வேலைய விடணுமா?"

"ஒரு கணக்கு இல்ல. அது நான் போட்ட கணக்குலயே உறுதியான கணக்கு. அதை வச்சுத்தான் மத்ததை அளக்கணும். படிக்கல்லே தப்பா இருந்தா தராசை என்ன செய்ய?"

முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமாம். அதற்கு மேல் நிர்வாகம் கையெழுத்துப் போட்டுவிடும். அவன் திரும்பப் பெறப் போவதில்லை.

கிளம்பும்போது ஜாய்ஸ் வாசல் வரை வந்தாள். கேட்டைச் சாத்திவிட்டு அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், கணக்கைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று கேட்டாள்.

"அக்கா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அவியளுக்குப் புத்தி போயிட்டா?"

"சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ரெஸ்ட் எடுத்தாச் சரியாயிரும்" என்றேன்.

ரெஸ்ட் எடுத்தால் சரியாகிவிடும் என்றால் இப்போது சரியில்லை என்றுதானே அர்த்தம். அவளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மழை இல்லை. மாடித் தொட்டியைக் கழுவினேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கல்லூரியில் கொடியேற்றம். முதல்வர் பேச்சு நாற்பது நிமிஷம். உண்மை, நேர்மை என்று ஆரம்பித்தார். கடைசி வரிசையில் நின்றுகொண்டு மிட்டாய்ப் பொட்டலத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

இன்று ஒரு முயற்சி செய்தேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற முயற்சி.

கிருபா வீட்டுக்குப் போய், "ஒருவேளை பழைய கணக்குதான் தப்போ?" என்று யாரோ சொன்னதுபோல ஆரம்பித்தேன்.

அவன் நல்ல மாணவனுக்குப் பாடம் நடத்துகிற பொறுமையோடு பதில் சொன்னான். "நீ எப்பவும் வெற்றிட நிலை வழியாப் போவே. நான் தொடரை நேரடியாக் கூட்டுவேன். வழி வேற, தப்பு விழுத இடமும் வேற. ரெண்டு பேரும் தப்புப் போட்டு, ரெண்டும் ஜீரோவில போய் முட்ட வாய்ப்பு எவ்வளவு? எனக்கு ஆறுதல் சொல்லணும்னு கணக்கைக் குறை சொல்லாதே."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "ஒண்ணு செய். ஒன் பழைய தாளைக் கொண்டா. என் புதுக் கணக்கு பக்கத்துல வச்சு வரிக்கு வரி பாப்போம். எங்க புத்தி வழுக்குதுன்னு தெரிஞ்சிரும். அது தெரிஞ்சாக்கூட எனக்கு நிம்மதி."

"வீடு மாத்தும்போது தொலஞ்சிட்டு" என்றேன்.

"சரி, விடு" என்றான். அவன் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்கு அது தோன்றவே இல்லை.

ஆகஸ்ட் 19, சனி

கல்லூரி நூலகத்திலிருந்து வண்டி வந்து அவன் கொடுத்துவிட்ட புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. பதினாறு பெட்டி. நானும் கூட நின்று பெட்டிக்கு நூல் கட்டிக் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் அவன் எழுதிய குறிப்புகள் இருந்தன. "அழிச்சிட்டுக் குடுக்கணுமோ?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இன்று செய்த காரியத்தை எழுதக் கூசுகிறது. எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு.

அலமாரியில் பதினோரு வருஷத்துக்கு முந்தைய கோடுபோட்ட தாள் ஒரு கட்டு இருந்தது. ஓரம் பழுத்துவிட்டது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, மையூற்றும் பேனாவில் என் பழைய கையெழுத்தில் அந்தக் கணக்கை எழுத ஆரம்பித்தேன். தொலைந்த தாள் கிடைத்துவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுக்கலாம். அவன் கேட்டது கிடைத்துவிடும்.

இரண்டாவது பக்கத்தில் பேனா நின்றது. ஒழுங்காகப் போட்டால் பூஜ்யம் வராது. பூஜ்யம் வர வேண்டுமானால் எங்கேயாவது நானாகத் தப்புப் போட வேண்டும். அதுவும் அவன் கண்ணுக்குப் படாத தப்பு. அப்படி ஒரு தப்பை வெற்றிட நிலை வழியில் ஒளித்து வைக்க இடமே இல்லை. அது அவ்வளவு நேரான வழி. ஒரு மணி நேரம் இடம் தேடினேன்.

தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

நாங்கள் வீடு மாற்றியது ஜூன் மாதம். கட்டுரை அனுப்பியது மார்ச். மார்ச் முப்பத்தொன்று பதவி உயர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பட்டியலில் ஏற எனக்கு இன்னும் ஒரு கட்டுரை தேவைப்பட்டது. அந்தச் சனிக்கிழமை கிருபா, "எனக்கு ஜீரோ வந்திட்டு, ஒனக்கு?" என்று கேட்டான். அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "எனக்கும் அதேதான்" என்றேன்.

நான் போடவில்லை. ஒரு வரிகூடப் போடவில்லை.

பத்தொன்பது பக்கம் போட எங்கே நேரம் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். என் வழியில் மூன்று பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். போன ஆறாம் தேதி போட்டேனே, அதில் ஆறில் ஒன்று வந்தது. கிருபாவின் மண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் நன்றாக இருந்த மண்டை போட்ட தப்பை, ஆபரேஷன் செய்த மண்டை மூன்று தடவை சரியாகப் போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 21, திங்கள்

"இப்போது போட்டுப் பார்த்தேன், எனக்கும் ஆறில் ஒன்றுதான் வருகிறது" என்று மட்டும் சொன்னால் போதாதா? போதாது. அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அப்போ அன்னிக்கு ஒனக்கு எப்படி ஜீரோ வந்தது? கிருபா அதைக் கேட்காமல் விடமாட்டான். சந்தேகத்தால் அல்ல, ஆசையால் கேட்பான். ஒரே இடத்துக்குப் போய்ச் சேருகிற இரண்டு வெவ்வேறு தப்புகள் என்றால் அவனுக்கு அது விருந்து.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஸ்கூட்டரை ஜாய்ஸின் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டான். வண்டியில் போகும்போது மண்டை வழுக்கிவிட்டால் எதிரே வருகிறவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்டானாம். மருந்துக் கடைக்கு ஜாய்ஸ் கூட நடந்து போகிறான். ரோட்டைத் தாண்டும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்கிறானாம். இருபத்தி நாலு வருஷத்தில் ரோட்டில் வைத்து என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை என்று போனில் சொல்லிச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 26, சனி

போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

இரவுச் சாப்பாட்டின்போது இவர் கேட்டார். "மூணு வாரமா ஒரு மாதிரி இருக்கே. கிருபா ஒடம்புக்கு எதுவும் மோசமா?"

இவர் மின்வாரியத்தில் லைன் வேலை பார்த்து மேலே வந்தவர். இயற்கணிதம் பக்கமே வரமாட்டார். ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"லைன்மேன் கம்பத்துல நிக்கும்போது கீழ நிக்கவன்கிட்ட கேப்பான். 'லைன ஆஃப் பண்ணியாச்சா?' போய்ப் பாத்துட்டு 'ஆமா' சொல்லணும். பாக்காம 'ஆமா' சொன்னவனும் உண்டு. பாதி நாள் ஒண்ணும் ஆவாது" என்றார். ரசம் ஊற்றிக்கொண்டார். "சொன்னது தப்புன்னு தெரிஞ்ச பிறகும் கீழ சும்மா நின்னவன் ஒருத்தனையும் நான் பாத்ததில்ல."

எனக்குத் திட்டு விழுந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனேன். ஜாய்ஸ் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன். நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன்.

"கிருபா, ஒன் கணக்கு சரி. ஆறில் ஒண்ணுதான். கட்டுரைதான் தப்பு."

"அதெப்படி? நீயும்தானே..."

"நான் போடல. ஜீரோன்னு நீ சொன்னே, எனக்கும் அதேன்னு சொன்னேன். அவ்வளவுதான். நான் போடவே இல்ல."

அவன் என் முகத்தைப் பார்த்தான். எழுந்து உள்ளே போய்க் கட்டுரையை எடுத்து வந்தான்.

"எந்த வரி?"

"இணைப்புல பதினாலாம் பக்கம். மேல இருந்து ஏழாவது வரி. வரிசைப்படுத்தாம நகத்திட்டே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். அந்த வரியைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அவன் நாலைந்து நிமிஷம் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். வாய்விட்டு, தோள் குலுங்க. மே மாதத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"நானா போட்டேன் இதை? பரீட்சைல ஒரு பய இப்படிப் போட்டிருந்தா நாலு மார்க் கொறச்சிருப்பேன்."

"அப்போ அவியளுக்கு ஒண்ணும் இல்லியா, அக்கா?" ஜாய்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த ஒரு நிமிஷம், இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று நினைத்தேன்.

கிருபா இன்னும் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நீ எப்போ போட்டுப் பாத்தே?"

அவன் கேட்டது வெறும் ஆர்வத்தில்தான். நேற்று என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"ஆறாம் தேதி" என்றேன்.

"எந்த ஆறாம் தேதி?"

"இந்த மாசம்."

கிருபா கண்ணாடியைக் கழற்றினான். அவன் எதையும் எண்ணவில்லை. எண்ணியது ஜாய்ஸ். என் தோளிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். தபால் முத்திரையில் தேதி பார்க்கிற பழக்கம் உள்ள கண்.

"சர்ச்சுல சொன்னது ஒம்பதாம் தேதி" என்றாள். "வேலைய விட்டது பதினொண்ணு. பொஸ்தகம் போனது பத்தொம்பது. நீங்கதான் பெட்டிக்கு நூல் கட்டினீங்க." காலண்டரை விட்டு என் பக்கம் திரும்பினாள். "பன்னெண்டாம் தேதி கேட்டுக்குப் பக்கத்துல நின்னு ஒங்க கிட்ட கேட்டேனேக்கா."

என் பையை எடுத்துக்கொண்டேன். கிருபா வாசல் வரை வந்து லைட்டைப் போட்டான், இருட்டக்கூட இல்லை. "பாத்துப் போ" என்றான்.

ஆகஸ்ட் 30, புதன்

கிருபா கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்று அவன் கல்லூரிக்காரர் ஒருவர் மூலம் தெரிந்தது. தனியாக டவுன் பஸ்ஸில் போயிருக்கிறான்.

ஆகஸ்ட் 31, வியாழன்

பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய பிழைத்திருத்தத்தை எழுதி எனக்கு மின்னஞ்சல் செய்திருந்தான். ஆறு வரி. பதினான்காம் பக்கத்தில் நேர்ந்த தவறு, சரியான மிச்சம் ஆறில் ஒன்று, எனவே கட்டுரையின் முக்கிய முடிவு நிற்காது. கடைசியில் ஒரு வாக்கியம்: "ஆசிரியர்கள் இருவரின் கணக்கிலும் இப்பிழை நேர்ந்தது."

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. வாழ்க்கையில் அவன் தெரிந்தே எழுதிய முதல் தப்பான வரி இதுவாகத்தான் இருக்கும். எனக்காக எழுதியிருக்கிறான். நான் விட்டுவிடுவேன் என்று நினைத்தானா, விடமாட்டேன் என்று நினைத்தானா?

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதினேன்: "இக்கணக்கைத் தனியாகச் சரிபார்த்ததாக இரண்டாம் ஆசிரியர் கூறியிருந்தார். அவர் சரிபார்க்கவில்லை." இரண்டாம் ஆசிரியர் நான். கல்லூரியில் இதை வைத்து என்ன செய்வார்கள் என்று தெரியாது. முதல்வரிடம் நாளை நானே ஒரு பிரதி கொடுத்துவிடுவேன்.

கிருபாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "சரி. அனுப்பிரு."

அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 2, சனி

ஒன்பது மணிக்கு ஜாய்ஸ் போன் செய்தாள்.

"அவிய ஒங்கள வரச் சொல்லுதாவ. மிச்சம் இருந்தாலும் பொழைக்கிற மாதிரி ஏதோ ஒரு வழி தோணுதாம். ரெண்டு நாளா தூங்கல."

"நீ என்ன சொல்லுதே, ஜாய்ஸ்?"

"நான் என்ன சொல்ல. அவிய மன்னிச்சிட்டாவ. அவியளுக்குக் கணக்கு கெடச்சிட்டு, போதும். எனக்கு முடியலக்கா. ராத்திரி முழிச்சிட்டுக் கெடந்து அவிய மூச்சு விடுதாவளான்னு பாத்தது நான்தானே." குரல் உயரவே இல்லை. "வாங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு சாயந்தரம்தான் வருவேன். காபி போட்டு வச்சிட்டுப் போறேன்."

பத்து மணிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கிருபா தாள்களைப் பரப்பிவிட்டுத் தலை நிமிராமல், "உக்காரு" என்றான். மேசையில் பிளாஸ்க் இருந்தது. பக்கத்தில் ஒரு தம்ளர்தான் வைத்திருந்தாள்.